கெங் வீட்டு அண்ணியும் நாத்தனாரும்

“எங்க அண்ணனைக் கட்டிக்கோயேன்” என்றாள் லியன்ஜி.

யிவென் இரும்புக் கொப்பரையில் கொதிக்கிற சோயாப் பாலைக் கிண்டிக்கொண்டிருந்தாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்து, “ஏன், உங்க அண்ணனுக்கு டோஃபு கிண்ட ஆள் வேணுமாக்கும்?” என்றாள். திரும்பிப் பார்த்தால் லியன்ஜி உப்புநீர்ச் சாடியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றிருந்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை.

“நெஜமாத்தான் சொல்றேன். புரட்டிப் புரட்டி யோசிச்சுட்டேன். வேற வழி இல்ல.”

பிரிகேட் எனப்பட்ட ஊர்க் கூட்டுப்பண்ணையின் டோஃபுக் கொட்டகையில் வேலை பார்த்தவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான். தியன்ஜின் நகரத்திலிருந்து, நாட்டுத் தலைவரின் உத்தரவுப்படி விவசாயிகளிடம் பாடம் கற்றுக்கொள்ள அனுப்பப்பட்ட மாணவிகளில் ஒருத்தி யிவென். வந்த முதல் குளிர்காலத்திலேயே விரல்கள் பனியில் கருத்துப்போனதால், வயல் வேலைக்கு ஆகமாட்டாள் என்று இங்கே தள்ளிவிட்டார்கள். லியன்ஜி அந்த ஊர்க்காரி. கழுதையை அரவைக் கல்லில் பூட்டுவது, மாவைத் துணியில் வடிப்பது, பாலில் உப்புநீரை எந்தப் பதத்தில் ஊற்றித் திரியவைப்பது என்று எல்லாமே அவள்தான் கற்றுக்கொடுத்தாள். “தியன்ஜின்காரி, இது சூப் இல்ல, டோஃபு. கெட்டியா வரணும்” என்று கிண்டல் செய்வாள். வெளியே எச்சில் துப்பினால் தரையில் விழுவதற்குள் உறைகிற குளிர். உள்ளே எதிரில் நிற்பவள் முகம் தெரியாத அளவுக்கு நீராவி. அந்த நீராவிக்குள்தான், எப்போது என்று இருவருக்குமே சொல்லத் தெரியாமல், ஒருத்தி மீது இன்னொருத்திக்கு அப்படி ஒரு பிடிப்பு வந்துவிட்டது. ஊரில் வேறெங்கும் அதற்கு இடமில்லை. மாணவிகள் விடுதியில் ஒரே படுக்கைமேடையில் வரிசையாக ஏழெட்டுப் பேர் படுத்தார்கள். லியன்ஜியின் வீடு ஒற்றை அறை.

இப்போது அந்தக் கொட்டகையும் கைவிட்டுப் போகிற மாதிரி இருந்தது. லியன்ஜியைப் பெண் கேட்டு ஒரு தரகுக்காரி நடையாய் நடந்தாள். மாப்பிள்ளை வீட்டார் கொடுக்கிற பரிசப் பணத்தை வைத்துத்தான் அண்ணன் தெஷுனுக்குப் பெண் எடுக்க முடியும். முப்பதைத் தாண்டிய பிள்ளையை இன்னும் எத்தனை நாள் தனியாக வைத்திருப்பது என்று அம்மாவுக்குக் கவலை.

“நகரத்துப் பொண்ணு விவசாயியைக் கட்டிக்கிட்டா புரட்சிக் கல்யாணம். யாரும் பணம் கேக்க முடியாது. அண்ணனுக்குக் கல்யாணம் ஆயிட்டா அம்மா என்னைத் தள்ளிவிட அவசரப்பட மாட்டாங்க. நீ எங்க வீட்டுக்கே வந்துடுவே. ஒரே வீடு, ஒரே அடுப்பு.”

“ஒரே வீடு சரி. உங்க அண்ணன்?”

“அண்ணன் நல்லவன்” என்றாள் லியன்ஜி. அதைச் சொல்லும்போது சாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

யிவென் உடனே முடியாது என்று சொல்லியிருப்பாள். அந்த இலையுதிர்காலத்தில் பல பிரிகேடுகள் அடங்கிய கம்யூனின் பள்ளிக்கூடத்து மைதானத்தில் நடந்த கூட்டத்தை இருவரும் பார்த்திருக்காவிட்டால் கட்டாயம் சொல்லியிருப்பாள். பக்கத்துப் பிரிகேடில் ஒரு பள்ளி ஆசிரியையும் தையல்காரி ஒருத்தியும் பிடிபட்டிருந்தார்கள். இருவர் கழுத்திலும் பிய்ந்த செருப்புகளை மாலையாகக் கட்டித் தொங்கவிட்டு மேடையில் குனிந்து நிற்கவைத்தார்கள். பூர்ஷ்வா அழுகல், ஒழுக்கக்கேடு, மக்கள் விரோதம் என்று ஒவ்வொருவராக ஏறிப் பேசினார்கள். கூட்டத்தில் யிவெனுக்கு முன்னால் நின்ற பெண்கள் இருவர் பேசிக்கொண்டது அவள் காதில் நன்றாகவே விழுந்தது.

“ரெண்டு பொம்பளைங்க சேர்ந்து என்னத்தைடி பண்ணுவாங்க?”

“மாவு பிசைவாங்க. உங்க வீட்டுக்காரன் பண்றதைவிட நல்லாவே பிசைவாங்க போலிருக்கு.”

இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பிறகு கோஷம் எழுந்ததும் கையை உயர்த்தி அவர்களும் கத்தினார்கள். யிவெனும் கத்தினாள். இரண்டு ஆள் தள்ளி நின்ற லியன்ஜியும் கத்தினாள். அன்றைக்கு ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொள்ளவில்லை. ஆசிரியையைச் சீர்திருத்த முகாமுக்கு அனுப்பினார்கள். தையல்காரியைப் புருஷன் வீட்டுக்கே திருப்பி அனுப்பினார்கள். வசந்தம் வருவதற்குள் அவள், டோஃபுவைத் திரியவைக்கிற அந்த விஷ உப்புநீரைக் குடித்துச் செத்துப்போனாள்.

தெஷுனைக் கட்டிக்கொள்கிறேன் என்று யிவென் போய்ச் சொன்னதும் பிரிகேடின் கட்சிச் செயலாளர் ஹௌ நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். “தோழர் யிவென், இதைத்தான் மேலிடம் எதிர்பார்க்குது. இந்த மண்ணுல வேர் விடறதுன்னா இதுதான்” என்றார். மாவட்டத்துக்கு ஃபோன் போட்டார். கல்யாணத்தன்று தலைவர் படத்துக்கு முன்னால் மணமக்கள் வணங்கினார்கள். ஊர்க்காரர்கள் சூரியகாந்தி விதையைக் கொறித்துத் தொலியைத் தரையெங்கும் துப்பினார்கள். பரிசாக இரண்டு மண்வெட்டி வந்தது. செயலாளர் எழுதிக்கொடுத்த பேச்சை யிவென் வாசித்தாள். மாவட்டப் பத்திரிகைக்காரர் படம் எடுக்கும்போது, “மாப்பிள்ளையோட தங்கச்சி, நீயும் பக்கத்துல நில்லும்மா” என்று லியன்ஜியையும் சேர்த்து நிறுத்தினார். படத்தில் மூன்று பேரும் சிரித்திருந்தார்கள். அதிகம் சிரித்தவள் லியன்ஜி.

கெங் வீட்டில் இரண்டு கணப்பு மேடைகள். அடியில் நெருப்புப் போகிற மண்மேடைகள், அறையின் தெற்குச் சுவரோரம் ஒன்று, வடக்குச் சுவரோரம் ஒன்று. தெற்கில் அம்மாவும் லியன்ஜியும். வடக்கில் புதுத் தம்பதி, குறுக்கே ஒரு பூப்போட்ட துணித்திரை. திரை கண்ணை மறைக்கும், காதை மறைக்குமா? தெஷுன் மென்மையான ஆள். குதிரை வண்டி ஓட்டுகிறவன், குதிரையிடம் பேசுகிற அளவுக்குக்கூட மனிதரிடம் பேசமாட்டான். அவன் மூர்க்கனாக இருந்திருந்தால் வெறுத்துவிட்டாவது கிடந்திருக்கலாம். முதல் வாரம் முழுக்க யிவென் மூச்சைக்கூட அளந்து விட்டாள். எதிர் மேடையில் லியன்ஜி புரண்டு படுக்கும் சத்தமே வரவில்லை. தூங்குகிறவள் புரளாமல் இருக்கமாட்டாள் என்று யிவெனுக்குத் தெரியும்.

கொட்டகையில் லியன்ஜி கழுதையைப் பூட்டியபடி முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். “நல்லாத் தூங்கினீங்களா, அண்ணி?”

முதன்முதலாக அந்த வார்த்தை. யிவென் அகப்பையைக் கீழே வைத்தாள். “நீ சொன்னதைத்தான்டி நான் செஞ்சேன்.”

“தெரியும். அதான் யார்கூடச் சண்டை போடறதுன்னு தெரியல.”

அந்தக் குளிர்காலம் முழுக்க அவர்கள் தொட்டுக்கொள்ளவில்லை. ஒரே சட்டியில் சோளக்கஞ்சி குடித்தார்கள், ஒரே கயிற்றில் துணி உலர்த்தினார்கள். ஆற்றுப் பனி உடைந்து தண்ணீர் ஓட ஆரம்பித்த சமயத்தில், வடித்த துணியை இருவரும் ஆளுக்கொரு முனை பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தபோது லியன்ஜி திடீரென்று துணியை விட்டுவிட்டு அழுதாள். யிவென் அவளைக் கட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு எல்லாம் பழையபடி ஆயிற்று. பழையபடி என்றும் சொல்ல முடியாது. முன்பு ஒரு பயம்தான் இருந்தது. இப்போது தெஷுன் கொண்டுவந்து கொடுக்கும் சின்னச் சின்னப் பொருள்களும் சேர்ந்துகொண்டன. டவுனுக்கு வண்டி போனால் ஒரு சீப்பு, ஒரு சோப்பு, இரண்டு பேருக்கும் ஒரே மாதிரிக் கையுறை. “அண்ணிக்கு ஒண்ணு, உனக்கு ஒண்ணு” என்று தங்கையிடம் நீட்டுவான். லியன்ஜி வாங்கிக்கொள்வாள். அணியமாட்டாள்.

ஊர் அவர்களைக் கண்டு மெச்சியது. வேறு வீடுகளில் மருமகளும் நாத்தனாரும் அடித்துக்கொள்கிறபோது மாமியார்கள், “கெங் வீட்டு அண்ணியையும் நாத்தனாரையும் பாருங்கடி, ஒரு நாளாவது சத்தம் வந்திருக்கா?” என்பார்கள். வருஷக் கடைசியில் மாதிரிக் குடும்பம் என்று கதவில் ஒரு சிவப்புத் தகடு அடித்துவிட்டுப் போனார் செயலாளர். அதன் பிறகு, மாதிரிக் குடும்பத்தைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் எந்த நேரத்தில் வந்து கதவைத் தள்ளுவார்கள் என்று சொல்ல முடியாமல் போயிற்று. கொட்டகைக்குக்கூட வந்தார்கள்.

கல்யாணத்துக்கு அடுத்த ஆண்டு யிவெனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. யாயா என்று கூப்பிட்டார்கள். பிள்ளை பெற்ற மாதம் காற்றுப் படாமல், கையைத் தண்ணீரில் நனைக்காமல் படுத்திருக்க வேண்டும். பத்தியக் கஞ்சியும் அவித்த முட்டையும் கொடுத்துப் பார்த்துக்கொண்டவள் லியன்ஜிதான். பகலில் அம்மா வயலுக்கும் தெஷுன் வண்டிக்கும் போய்விட்டால் வீட்டில் அவர்கள் இருவரும் குழந்தையும் மட்டும். யிவென் தன் வாழ்நாளில் மிகச் சந்தோஷமாக இருந்தது அந்த மாதம்தான். சந்தோஷத்தில் காது மந்தமாகிவிட்டது போலிருக்கிறது. ஒரு மத்தியானம் பாலுக்கு அழுத குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு யிவென் சாய்ந்திருக்க, லியன்ஜி அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்துப் படுத்திருந்தாள். யிவெனின் விரல்கள் அவள் கூந்தலுக்குள் இருந்தன. கதவு திறந்தது தெரியவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது அம்மா முட்டைக் கூடையோடு நின்றிருந்தாள்.

அவள் கூடையைக் கீழே வைத்தாள். கதவைச் சாத்திக்கொண்டு மறுபடி வெளியே போனாள். சாயங்காலம் வந்து எப்போதும்போல அடுப்பு மூட்டினாள். மறுநாள் வீட்டில் இருந்த உப்புநீர்ச் சாடியைக் காணவில்லை. பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டதாகச் சொன்னாள்.

பத்தியம் முடிந்ததும் முட்டைக்கோஸ் எடுக்க வேண்டும் என்று யிவெனைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால், குளிர்காலத்துக்குக் காய்கறி சேமிக்கிற குழிக்குள் இறங்கினாள் கெங் அம்மா. ஏணிக்கு அடியில் இருட்டு. முட்டைக்கோஸ் வாடை.

“அந்தப் பள்ளிக்கூடத்துக் கூட்டத்துக்கு நானும்தான் வந்திருந்தேன்” என்றாள் அம்மா. ஒவ்வொரு கோஸாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே பேசினாள். “அந்தத் தையல்காரி எனக்குப் பொண்ணு முறை. தெரியுமா உனக்கு? என் கல்யாணச் சட்டை அவ அம்மா தச்சது.”

“அத்தை...”

“நீ ஒண்ணும் சொல்லாத. சொன்னா நான் கேட்டதா ஆயிடும். நான் யார்கிட்டயும் சொல்லல, தெஷுன்கிட்டயும் சொல்லல. மலையில மரம் வெட்டற இடத்துல ஒரு பையன் இருக்கான், சம்பளக்காரன். பெண்டாட்டி செத்துட்டா. லியன்ஜியை அங்க கொடுக்கறேன்.”

“அவ போகமாட்டேன்னா?”

“நான் பார்த்ததை நாளைக்கு இன்னொருத்தி பார்ப்பா. அப்ப செருப்பு மாலை ரெண்டு கழுத்துல விழும். உன் பொண்ணு கழுத்துலயும் விழுந்த மாதிரிதான். நீ சொன்னா அவ கேப்பா. நான் சொன்னா கேக்கமாட்டா.” ஒரு கோஸை எடுத்து யிவெனின் கையில் வைத்தாள். “இது நல்லா இருக்கு. கொண்டு போ.”

யிவென் சொன்னாள். கொட்டகையில், அரவைக் கல் சுற்றுகிற சத்தத்தில், “போய்டு லியன்ஜி” என்றாள்.

“இது நீ சொல்றதா, எங்க அம்மா சொல்றதா?”

“ரெண்டும்.”

“நான் மாட்டேன்னு சொல்லிட்டு இங்கயே உக்காந்தா?”

“ஏன் மாட்டேங்கறன்னு கேப்பாங்க. என்ன சொல்வே?”

லியன்ஜி கழுதையின் காதைத் தடவினாள். “உன்னை இந்த வீட்டுக்குள்ள கூட்டிட்டு வந்தது நான். இப்ப என்னையே வெளிய அனுப்பறே” என்றாள். அதில் கோபம்கூட இல்லை. போகும் நாளில் யாயாவை மட்டும் முத்தமிட்டாள். வண்டியை ஓட்டிக்கொண்டுபோய் ரயிலடியில் விட்டவன் தெஷுன். யிவென் காலி மேடையின் மேல் விழுந்து, தலையணையைக் கடித்துக்கொண்டு அழுதாள். தெஷுன் திரும்பி வந்தபோதும் அழுதுகொண்டிருந்தாள். அவன் குதிரைக்குத் தண்ணீர் காட்டப் போனான்.

மணமான பெண்கள் புத்தாண்டின் இரண்டாம் நாள் பிறந்த வீட்டுக்கு வருவது வழக்கம். லியன்ஜியும் வந்தாள். மரம் அறுக்கும் ஊரிலிருந்து சிறு ரயிலிலும் பஸ்ஸிலும் ஒரு நாள் பயணம். முதல் ஆண்டு புருஷனோடு, அதற்கு அடுத்த ஆண்டு வயிற்றில் பிள்ளையோடு, பிறகு இடுப்பில் பிள்ளையோடு. புருஷன் மோசமில்லை, குடித்தால் பாடுவான், அவ்வளவுதான். அந்த ஒரு நாள், அண்ணியும் நாத்தனாரும் சேர்ந்து மாவுக் கொழுக்கட்டை பிடிப்பார்கள். ஊர்க் கதை பேசுவார்கள். இருவரும் தனியாக இருக்க நேராதபடி அம்மா பார்த்துக்கொண்டாள். யிவெனுக்கு அந்த ஒரு நாள் போதும் என்று இல்லை. ஆனால் மீதி நாட்களை அதை வைத்துத்தான் தள்ளினாள்.

பிறகு காலம் மாறியது. தலைவர் இறந்துபோனார், கோஷங்கள் போயின. நகரத்து மாணவர்கள் ஊர் திரும்பலாம் என்று உத்தரவு வந்தது. விடுதி ஒரே மாதத்தில் காலியானது. கல்யாணமானவர்களுக்கு மட்டும் அனுமதி இல்லை. அதனால் பக்கத்து ஊர்களில் பாதிப் பேர் கம்யூன் ஆபீஸ் வாசலில் விவாகரத்துக்கு நின்றார்கள். சிலர் பிள்ளையைத் தாத்தா வீட்டில் விட்டுவிட்டு ரயில் ஏறினார்கள். யிவெனின் அம்மா தியன்ஜினிலிருந்து சொல்லியனுப்பினாள். நூல் ஆலையில் தன் வேலையை விட்டுக்கொடுத்தால் அந்த இடம் மகளுக்குக் கிடைக்கும். அவள் தனி ஆளாக வந்தால் போதும்.

தெஷுன் அன்று குதிரைச் சேணத்தை ஒட்டுப்போட்டுக்கொண்டிருந்தான். “போறதுன்னா போ. நான் கையெழுத்துப் போடறேன். யாயாவையும் கூட்டிட்டுப் போக வழி இருந்தா கூட்டிட்டுப் போ” என்றான்.

“உங்களுக்குக் கஷ்டமா இருக்காதா?”

“இருக்கும்.” ஊசியை இழுத்தான். “நீ எனக்காக இங்க வரல யிவென். உங்க அப்பா செத்த தந்தி வந்தப்பகூட நீ அப்படி அழல. லியன்ஜி போன அன்னிக்கு அழுதே பாரு, அப்படி.”

“உங்களுக்கு எப்பத்துல இருந்து தெரியும்?”

“என்ன தெரியும்? எனக்கு ஒண்ணும் தெரியாது. யாராவது கேட்டாலும் எனக்கு ஒண்ணும் தெரியாது.” நிமிர்ந்து பார்க்காமலேயே சொன்னான்.

அந்த வாரம் முழுக்க யிவென் தியன்ஜினின் தெருக்களை நினைத்துப் பார்த்தாள். வறுத்த கஷ்கொட்டை வாசனை, டிராம் மணி, பொதுக் குளியலறையின் வெந்நீர். எல்லாம் வேண்டும்போல்தான் இருந்தது. ஆனால் கையெழுத்துப் போட்ட மறுகணம் அவள் கெங் வீட்டு மருமகள் இல்லை. லியன்ஜிக்கு அண்ணி இல்லை. புத்தாண்டின் இரண்டாம் நாள் அந்த வீட்டில் நிற்க அவளுக்கு எந்த முகாந்திரமும் இருக்காது. நாத்தனாரைப் பார்க்க மலையூருக்கு ஓர் அண்ணி போகலாம். விவாகரத்து செய்துகொண்டு போனவள் எதற்காகப் போவாள்?

அவள் போகவில்லை. யிவெனின் அம்மா அழுது அழுது ஓய்ந்து, வேலையை மகனுக்குக் கொடுத்தாள். “பைத்தியமாடி உனக்கு?” என்று கடைசியாகக் கிளம்பிய தோழி கேட்டாள். செயலாளர் ஹௌகூட அவளை வழியில் நிறுத்தி, தணிந்த குரலில், “தோழரே, இப்ப யாரும் வேர் விடச் சொல்லல. உனக்குப் புரியுதில்ல?” என்றார். கதவில் சிவப்புத் தகடு துருப்பிடித்திருந்தது. கழற்றச் சொல்லி யாரும் வரவில்லை.

அந்தப் புத்தாண்டின் இரண்டாம் நாள் வாசலுக்கு வந்த லியன்ஜி, யிவெனைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். தூங்கிவிட்ட பையன் தோளில் கிடந்தான். “நீ இன்னும் போகலியா?” என்றாள்.

பனி விழுந்து அம்மாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டிருந்ததால் அவள் தெற்கு மேடையை விட்டு எழவில்லை. ஆண்கள் அவளோடு உட்கார்ந்து சீட்டாடினார்கள். அடுப்படியில் அவர்கள் இரண்டு பேர் மட்டும், எத்தனையோ வருஷங்களுக்குப் பிறகு. மாவைத் தேய்த்துக்கொண்டே லியன்ஜி குரலை இறக்கி ஆரம்பித்தாள்.

“எல்லாரும் போனாங்களாமே. நீயும் போயிருப்பேன்னுதான் நினைச்சேன். இந்தத் தடவை வரவே வேண்டாம்னு இருந்தேன், அவர்தான் விடல. வழியெல்லாம் மனசைத் தேத்திக்கிட்டு வந்தேன், வீட்டுல நீ இருக்கமாட்டேன்னு. ஏன் போகல?”

“உன்னைப் பார்க்கணுமே.”

“ஒரு நாள்! அதுவும் ஊர் பார்க்க. அதுக்காகவா?” லியன்ஜி தேய்த்துக்கொண்டிருந்த கட்டை மாவில் அழுந்திக் கிழித்தது. “ஒருத்தியாவது வெளிய இருக்கான்னு நினைச்சுக்கிட்டு நான் அங்க கிடந்திருப்பேன்டி. அவ டிராம்ல போறா, வெந்நீர்ல குளிக்கிறான்னு நினைச்சிருப்பேன். இப்ப அதுவும் இல்ல.”

“வெளியன்னு எதைச் சொல்றே? அங்க போனா மறு மாசமே வேற ஒருத்தனைப் பார்த்துக் கட்டிவைப்பாங்க.”

லியன்ஜி கிழிந்த மாவை உருட்டி மறுபடி தேய்த்தாள். கண்ணிலிருந்து வழிந்தது. கை மாவாக இருந்ததால் துடைக்க முடியவில்லை. யிவென் தன் புறங்கையால் துடைத்துவிட்டாள். அடுப்படித் திரைக்கு அப்பால் அம்மா இருமினாள்.

“அண்ணன் எப்படி இருக்கான் உங்கிட்ட?” என்று லியன்ஜி கேட்டாள்.

“அவருக்குத் தெரியும்.”

லியன்ஜியின் கை நின்றது. திரையின் ஓரமாக அண்ணனைப் பார்த்தாள். அவன் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். எதிரே லியன்ஜியின் புருஷன், அவன் ஏதோ ஏமாற்றிவிட்டதாகச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

“தெரிஞ்சுமா?”

“தெரிஞ்சும்தான். நாம மூணு பேரும்தான் மாட்டிக்கிட்டிருக்கோம், லியன்ஜி. உங்க அம்மாவையும் சேர்த்தா நாலு பேர்.”

கொழுக்கட்டைகள் வெந்து மேலே மிதந்தன. சாப்பிட்டார்கள். லியன்ஜியின் புருஷன் இரண்டு கிண்ணம் சாராயம் குடித்து, எதிர்பார்த்தபடியே பாடினான். மத்தியானம் தாண்டியதும், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளப்பினான்.

பையனைத் தூக்கிக்கொண்டு புருஷன் முன்னால் நடக்க, நிறுத்தம் வரைக்கும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு யிவென் கூடப் போனாள். யாயா அத்தை கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். காற்று முகத்தை அறுத்தது. லியன்ஜியின் தலைத்துணி அவிழ்ந்து பறந்தது. ஊர்ப் பெண்கள் நாலைந்து பேர் பஸ்ஸுக்கு நின்றிருந்தார்கள். யிவென் மூட்டையைக் கீழே வைத்துவிட்டு, அத்தனை பேர் முன்னாலும், நாத்தனாரின் தலைத்துணியைக் காதோடு சேர்த்து இழுத்து மோவாயின் கீழ் முடிச்சுப் போட்டாள். அவசரப்படாமல் போட்டாள். ஒருத்தியும் தப்பாகப் பார்க்கவில்லை. அண்ணி செய்கிற காரியம்தானே.

“அடுத்த வருஷம் வருவியா?”

“தெரியல” என்றாள் லியன்ஜி. பஸ் ஏறினாள். ஜன்னல் முழுக்கப் பனி பூத்திருந்ததால் அவள் எந்தப் பக்கம் உட்கார்ந்தாள் என்று தெரியவில்லை.

அடுத்த ஆண்டு அவள் வரவில்லை. பாதை பனியில் மூடிவிட்டது என்றார்கள். பாதைதான் காரணமா என்று யிவென் யாரிடமும் கேட்க முடியவில்லை. அதற்கு அடுத்த ஆண்டு வந்தாள், இளைத்துப்போய், முன்பல் ஒன்று உடைந்து. எப்படி உடைந்தது என்று அவள் சொல்லவில்லை. யிவென் மாவைப் பிசைந்து வைத்திருந்தாள்.